எழுத வராது என்பது யார் குறை?

"வேலை நல்லா தெரியும் சார், எழுதத்தான் வராது." கிண்டி தொழிற்பேட்டையிலும் அதை ஒட்டிய ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பகுதிகளிலும் இயங்கும் சிறிய பராமரிப்பு நிறுவனங்களில் ஒரு டெக்னீஷியனைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வாக்கியம் வராமல் போகாது. பம்ப், ஜெனரேட்டர், லிஃப்ட், ஏ.சி. என்று எதைப் பராமரிக்கும் நிறுவனமானாலும் அதன் வருமானம் கடைசியில் ஒரு காகிதத்தை நம்பித்தான் இருக்கிறது. சைட்டுக்குப் போன ஆள் எழுதிக் கொடுக்கும் சர்வீஸ் ரிப்போர்ட்டை வைத்துத்தான் பில் போடுகிறோம், உதிரி பாகத்துக்கு விலைப்புள்ளி அனுப்புகிறோம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம். தகராறு என்று வந்தால் அதைத்தான் எடுத்து நீட்டுகிறோம். அப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளைப் படித்து, சரிபார்த்து, வாடிக்கையாளருக்கு அனுப்புவது என் பிழைப்பு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணியிடத்தில் ஒருவர் எழுத்து மோசமாக இருந்தால், அவரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியாத அலுவலகத்துக்குத்தான் அதில் பெரிய பங்கு. அலுவலகம் தன் பங்கைச் சரிசெய்த பிறகு மிச்சமிருப்பதை மட்டுமே ஊழியரின் கணக்கில் எழுதுவது நியாயம்.

இந்தத் தொழிலில் அன்றாடம் மேசைக்கு வரும் ரகத்தில் ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். "பம்ப் சவுண்ட் கம்ப்ளெயின்ட். அட்டெண்ட் பண்ணியாச்சு. பேரிங் ப்ராப்ளம். கிரீஸ் வைத்தது. இப்போ ஓகே. திரும்ப வரலாம். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்." இதைப் பார்த்ததும் சூப்பர்வைசருக்குக் கோபம் வருவது இலக்கணத்தின் மேல். உடனே உட்கார்ந்து திருத்துகிறார்: "பம்ப்பில் சத்தம் வருவதாகப் பெறப்பட்ட புகாரின் பேரில் உரிய பணிகள் மேற்கொள்ளப்பட்டு, தற்போது பம்ப் திருப்திகரமாக இயங்கிவருகிறது." வாக்கியம் சுத்தமாகிவிட்டது. ஆனால் எந்த பம்ப் என்று இப்போதும் தெரியாது. சத்தம் ஓடத் தொடங்கும்போதா, ஓடிச் சூடான பிறகா? பேரிங்கைக் கழற்றிப் பார்த்தாரா, வெளியிலிருந்து ஊகித்தாரா? எத்தனை நாள் தாங்கும்? செய்ய வேண்டியதை யார், எப்போது செய்ய வேண்டும்? ஒன்றுக்கும் பதில் இல்லை. போதாக்குறைக்கு, மூல ரிப்போர்ட்டில் இருந்த 'திரும்ப வரலாம்' என்ற ஒரே எச்சரிக்கையும் திருத்தத்தில் காணாமல் போய்விட்டது. எழுத வராதவர் எழுதியதில் குறையோடு ஓர் உண்மையும் இருந்தது. எழுத வந்தவர் திருத்தியதில் குறையும் இல்லை, உண்மையும் இல்லை. வாடிக்கையாளருக்குப் பயன்படுவது வேறு மாதிரி இருக்கும்: "தரைத்தளத்தில் 2ஆம் எண் பம்ப். ஓட விட்டுப் பத்து நிமிடத்தில் மோட்டார் பக்கம் உரசல் சத்தம். பேரிங்கைக் கழற்றிப் பார்க்கவில்லை. கிரீஸ் வைத்ததும் சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. பேரிங் மாற்ற வேண்டும். அதுவரை 1ஆம் எண் பம்ப்பை மட்டும் ஓட்டவும்." இதில் அலங்காரம் எதுவும் இல்லை. அந்த டெக்னீஷியனிடம் போனில் ஐந்து கேள்வி கேட்டிருந்தால் அவர் வாயிலிருந்தே இத்தனையும் வந்திருக்கும். விஷயம் அவரிடம் இருந்தது; அதைக் காகிதத்துக்குக் கொண்டுவரும் வழியைத்தான் அலுவலகம் போட்டுக் கொடுக்கவில்லை.

படிப்பும் ஆங்கிலமும் இருந்தால் இந்தக் கோளாறு வராது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் 2017ல் உச்ச நீதிமன்றம் செய்ததை நினைத்துப் பார்க்கலாம். இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தும், என்ன சொல்கிறதென்றே புரியவில்லை என்று அதை ரத்துசெய்து, மறுபடி எழுதும்படி திருப்பி அனுப்பியது உச்ச நீதிமன்றம். எழுதியவர் ஐ.டி.ஐ. முடித்தவர் அல்ல, உயர் நீதிமன்ற நீதிபதி. இதைவிடப் பெரிய பாடம் கொலம்பியா விண்கலத்தில் இருக்கிறது. 2003 ஜனவரியில் அது கிளம்பியபோது வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டு நாசா அதிகாரிகளுக்குத் திரைவில்லைகளாகக் காட்டினார்கள். அவர்கள் கையில் இருந்த சோதனைத் தரவு 3 கன அங்குலத் துண்டுக்கானது. மோதியதாகக் கணித்த துண்டோ 1,920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு. அந்த ஒரு தகவல் திரைவில்லையின் அடியில், மிகச் சிறிய எழுத்தில் கிடந்தது. தலைப்போ, பயப்பட வேண்டாம் என்ற தொனியில் இருந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்தத் திரைவில்லையை எடுத்துவைத்தே விமர்சித்தது. விபத்துக்குக் காரணம் நுரைத்துண்டு, எழுத்து அல்ல. ஆனால் ஆபத்தை உணர்ந்திருக்க வேண்டியவர்கள் உணராமல் போனதில் அந்த எழுத்துக்கும் பங்கு உண்டு. எழுதியவர்களில் யாருக்கும் ஆங்கிலத்தில் பஞ்சம் இல்லை. படிக்கிறவர் எந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதை முன்னால் வைத்து எழுதும் பழக்கம்தான் அங்கே இல்லை.

இந்தப் பழக்கத்தை ஆளுக்கு ஆள் தானாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விடாமல், அமைப்பே ஊட்டிய மரபு நம்மிடம் இருந்தது. ஆதம்பாக்கத்தில் கருணீகர் தெரு என்று ஒரு தெரு உண்டு, என்.ஜி.ஓ. காலனியும் உண்டு. ஒன்று பரம்பரையாக ஊர்க்கணக்கு எழுதியவர்களின் பெயரால் அமைந்தது. மற்றது கெஜட்டில் பெயர் வராத அரசு ஊழியர்களின் பெயரால். 1980ல் ஊர்க்கணக்குப் பதவிகள் ஒழிக்கப்படும்வரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் கணக்கு எழுதிய கர்ணங்கள் எல்லோருமே எழுத்தாற்றல் மிக்கவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அடங்கல் என்ற இரண்டாம் எண் கிராமக் கணக்கு புரியும்படி இருந்தது. சர்வே எண், பரப்பு, பயிரிடுபவர், பயிர், பாசனம் என்று கட்டம் கட்டமாக அதுவே கேட்டுவிடும். எழுதுபவர் பதில் சொன்னால் போதும். அரசு அலுவலகக் கோப்பும் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர் தோன்றியதை எழுதிவிட முடியாது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசை உண்டு. உதவியாளர் குறிப்பெழுத, கண்காணிப்பாளர் அடித்துத் திருத்த, அதற்குப் பிறகே வரைவு அதிகாரியின் ஒப்புதலுக்குப் போகும். பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி, அலுவலக நடைமுறை நூலில் துறைத் தேர்வு என்று இதற்கென ஓர் ஏற்பாடே இருக்கிறது. எழுதுவது பள்ளியோடு முடிந்துபோன படிப்பு அல்ல, வேலையில் சேர்ந்த பிறகு அந்த வேலைக்கென்று கற்க வேண்டிய தொழில் என்பதை அரசு அலுவலகங்கள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன. சைட் வேலைக்கு ஆள் எடுக்கும் தனியார் நிறுவனங்களில் பலவும் ஒரு ரிப்போர்ட் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு சரி.

'அரசாங்கக் கடிதத்தையா முன்மாதிரி என்கிறீர்கள்? மேற்படி, மேற்காண், பார்வையில் கண்ட என்று தொடங்கினால் முடிவதற்குள் மூச்சு வாங்குகிறதே' என்று கேட்கலாம். கேள்வி சரிதான். கட்டம் போட்டால் மட்டும் போதாது என்பதற்கு அந்தக் கடிதங்களே சாட்சி. மருத்துவத் துறையிலும் இதற்குச் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009ல் ஆய்வு வெளியானது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதையே கட்டாயமாக்கிவிட்டு 2014ல் கணக்கெடுத்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பட்டியலின் வடிவம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மனம் வைத்துப் பதில் சொல்கிறார்களா, டிக் அடித்துவிட்டுப் போகிறார்களா என்பதில்தான் பலன் இருக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆகவே கட்டங்களை அலுவலகத்தின் வசதிக்காகப் போடக் கூடாது. படிப்பவர் எடுக்கப்போகும் முடிவிலிருந்து பின்னோக்கி வந்து போட வேண்டும். எங்கள் தொழிலில் ஐந்து கேள்வி போதும். எந்த இயந்திரம், எந்த எண்? என்ன கண்டீர்கள்? அதைப் பார்த்தீர்களா, அளந்தீர்களா, ஊகித்தீர்களா? என்ன செய்தீர்கள்? இனி யார், எதற்குள், என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லா நிறுவனங்களும் விட்டுவிடுகின்றன. தகராறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன. "பேரிங் ப்ராப்ளம்" என்று ஊகத்தில் எழுதியதை நம்பி வாடிக்கையாளர் பேரிங் வாங்கி மாட்டி, அதன்பிறகும் சத்தம் நிற்காவிட்டால், அந்தச் செலவு யார் தலையில் விழுவது என்ற கேள்விக்கு எந்த நடை அழகும் பதில் சொல்லாது.

அடுத்து, எந்த மொழி? பெரும்பாலான டெக்னீஷியன்கள் யோசிப்பதும் பேசுவதும் தமிழில், ரிப்போர்ட் மட்டும் ஆங்கிலத்தில். அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கிவிட்டது. பம்ப்பைப் பற்றித் தமிழில் பட்டமே வாங்கலாம், ரிப்போர்ட் எழுதக் கூடாது என்பது என்ன நியாயம்? 'வாடிக்கையாளர் பெங்களூருவிலோ மும்பையிலோ தலைமையகம் வைத்திருப்பவர், தமிழில் அனுப்ப முடியாது' என்பார்கள். அனுப்ப வேண்டாம். கண்டதை எழுதுவது ஒரு வேலை, அதை வாடிக்கையாளரின் மொழியில் தருவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஆள் தலையில், அதுவும் எண்ணெய்க் கையோடு நிற்கும்போது கட்டுவதுதான் தவறு. சைட்டில் தமிழிலோ தங்கிலீஷிலோ எழுதட்டும். இந்திக்காரப் பையன்கள் இந்தியில் வாய்ஸ் மெசேஜே போடட்டும். ஆனால் வாய்ஸ் மெசேஜ் கச்சாப் பொருள்தான். அதில் தேட முடியாது, பில்லோடு இணைக்க முடியாது. ஆகவே அன்றைக்கே யாராவது அதைக் கட்டத்தில் ஏற்றியாக வேண்டும். விமானத் துறை இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மெக்கானிக்குகள் உலகம் முழுக்க ஒரே கையேட்டைப் படிக்க வேண்டியிருந்ததால், 1970களின் கடைசியில் தொடங்கி, 1986ல் எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலத்துக்கு ஒரு வழிகாட்டி கொண்டுவந்தார்கள். பொதுச் சொற்கள் ஏறத்தாழ 900 மட்டும், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், செய்முறை வாக்கியத்துக்கு 20 சொல்லுக்கு மேல் கூடாது. அது படிக்கிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு, எழுதுகிறவர்களுக்காக அல்ல என்பது உண்மைதான். ஆனால் மெக்கானிக்குகள் எல்லோரையும் ஆங்கில வகுப்புக்கு அனுப்பிப் பார்ப்போம் என்று காத்திருக்காமல், சுமையை அமைப்பு தன் தோளில் ஏற்றிக்கொண்டது என்பதே நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

இனித் திருத்தும் முறை. இரண்டு வழக்கங்கள் பரவலாக இருக்கின்றன, இரண்டும் கெடுதல். ஒன்று, சூப்பர்வைசர் யாருக்கும் சொல்லாமல் தானே திருத்தி அனுப்பிவிடுவது. எழுதியவருக்குத் தன் ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்றே தெரியாது. அடுத்த வாரமும் அதையே எழுதுவார். இன்னொன்று, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இது என்ன இங்கிலீஷ்?" என்று கேட்பது. அதற்குப் பிறகு அந்த ஆள் எழுதுவதைக் குறைத்துக்கொள்வார். "ஓகே", "கம்ப்ளீட்டட்" என்ற இரண்டு சொல்லுக்குள் பதுங்கிவிடுவார். சுருக்கமாக எழுதினால் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று நாமே கற்றுக் கொடுத்ததாகிறது. பலன் தரும் வழி இதுதான்: திருத்தாமல் கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள். ஒரு ரிப்போர்ட்டுக்கு இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். "எந்த பம்ப்?" "அளந்ததா, ஊகமா?" அன்றைக்கே கொடுங்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது. எழுத்துப் பிழையை நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள், அதைப் பேசவே பேசாதீர்கள். இதைவிட வலுவான மருந்து ஒன்று இருக்கிறது. ஒரு சைட்டுக்குக் கிளம்பும் ஆளிடம், போன தடவை அங்கே போன சகா எழுதிய ரிப்போர்ட்டைக் கொடுத்துப் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். "கிரீஸ் வைத்தது, ஓகே" என்பதை வைத்துக்கொண்டு மூன்று பம்ப்புக்கு நடுவில் போய் நிற்பவருக்கு, எதையெல்லாம் எழுத வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். எழுதுகிறவரைப் படிக்கிறவராகவும் ஆக்கிவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்தது.

இப்போதெல்லாம் கேட்கும் மறுப்பு வேறு: 'ஏ.ஐ. வந்துவிட்டது, நாலு வார்த்தை போட்டால் நல்ல ஆங்கிலத்தில் தந்துவிடுகிறது, இத்தனை பாடு எதற்கு?' மொழிபெயர்க்கவும் பிழை நீக்கவும் அது நல்ல உதவி, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் மேலே சூப்பர்வைசர் செய்த திருத்தத்தைத்தான் அதுவும் செய்யும், இன்னும் வேகமாக. அரைகுறைத் தகவலைக் கொடுத்தால் அரைகுறை என்பதே தெரியாத அளவுக்கு மெருகேற்றித் தரும். சில சமயம் யாரும் பார்க்காத பேரிங்கைப் பரிசோதித்ததாகவும் எழுதிவிடும். கையெழுத்துப் போட்டவர் டெக்னீஷியன், லெட்டர்ஹெட் நம்முடையது. மோசமான தமிழில் எழுதிய வெற்று ரிப்போர்ட்டைப் பார்த்தால் யாராவது போன் செய்து விசாரிப்பார்கள்; அழகான ஆங்கிலத்தில் எழுதிய வெற்று ரிப்போர்ட் யாரையும் நிறுத்தாது. ஐந்து கேள்விக்கும் பதில் வந்த பிறகு இயந்திரத்திடம் கொடுங்கள், வெளியே வருவதை எழுதியவருக்கே அவர் மொழியில் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

'நான் முதலாளி, வாத்தியார் இல்லை. பள்ளிக்கூடம் கற்றுத்தராததற்கு நான் ஏன் அழ வேண்டும்?' என்ற கேள்விக்குக் கணக்கே பதில். எழுத வராது என்று ஒருவரை அனுப்பிவிட்டுப் புது ஆளை எடுத்தால், அந்தப் புது ஆள் இயந்திரத்தைக் கற்கும்வரை ஆகும் செலவோடு ஒப்பிட்டால், கேள்வி எழுதித் திருப்பிக் கொடுக்கும் ஐந்து நிமிடம் ஒரு செலவே இல்லை. எல்லோரும் இதில் தேறிவிடுவார்கள் என்றும் நான் சொல்லவில்லை. சில வேலைகளில் எழுத்துதான் வேலையே: ஒப்பந்தக் கடிதம், காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் விபத்து அறிக்கை, டெண்டர். கேள்வியும் கட்டமும் நேரமும் கொடுத்த பிறகும் வராதவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்து வதைப்பது அவருக்கும் நல்லதல்ல, நிறுவனத்துக்கும் நல்லதல்ல. கை வேலைக்குத் திருப்பி அனுப்புவது தண்டனை ஆகாது, சம்பளத்தைக் குறைக்காத வரையில். இன்னொன்றும் உண்டு. எழுத்து மாறிப்போவது, படிக்கத் திணறுவது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்டவரைச் சோம்பேறி என்றோ அலட்சியம் என்றோ எழுதிவைப்பது அநியாயம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. விசாரித்துப் பார்ப்பது மேலாளரின் கடமைக்கு வெளியே இல்லை.

கடைசியாக, மேலாளர்கள் தாங்களே எழுதும் ஒரு காகிதம். ஆண்டு இறுதி அப்ரைசல் படிவத்தில் "எழுத்துத் தொடர்பு சரியில்லை, முன்னேற வேண்டும்" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கையெழுத்து வைக்கிறோம். அந்த வரியை மேலே சொன்ன ஐந்து கேள்வியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ரிப்போர்ட், என்ன குறை, பார்த்ததா, ஊகமா, நாம் என்ன செய்தோம், இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றுமே அதில் இல்லை. சம்பள உயர்வை நிறுத்திவைக்கும் வலிமை மட்டும் அதற்கு உண்டு. எழுத வராது என்று இன்னொருவரைக் குறை சொல்லும் வரியே எழுதத் தெரியாமல் எழுதிய வரியாக இருப்பதை நாம் கவனிப்பதில்லை. மேலாளராக இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு அந்த வரியை எழுதும் முன், அந்த ஊழியரின் மூன்று ரிப்போர்ட்டுகளை, நீங்கள் கேட்ட கேள்விகளோடும் அவர் சொன்ன பதில்களோடும் படிவத்தில் இணையுங்கள். இணைக்க ஒன்றும் இல்லையென்றால் அந்த வரியை எழுதும் உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை.